சைன் 30 ஏன் 0.5 வரவில்லை? வரைபடக் கால்குலேட்டரின் கோண அலகுப் பிழைகளை அறிகுறி கண்டு திருத்துதல்

கோண அலகு தவறாக இருந்தால் கால்குலேட்டர் உங்களிடம் ஒன்றும் சொல்லாது. பூஜ்ஜியத்தால் வகுத்தால் உடனே பிழை என்று காட்டும். அடைப்புக்குறி விட்டுப்போனாலும் சில இடங்களில் தடுத்து நிறுத்தும். ஆனால் நீங்கள் 30 டிகிரி என்று நினைத்துக்கொண்டு 30 ரேடியனுக்கு (ரேடியன் கோணத்தின் இன்னோர் அலகு; பை ரேடியன் 180 டிகிரி) சைன் கேட்டால், பத்துத் தசம இடங்களுக்குப் பிசகில்லாமல் விடை தரும். அந்த விடை சரியானது; கேள்விதான் வேறு. மாணவர்கள் மதிப்பெண் இழக்கும் இடங்களில் இதைப் போல் என்னை வருத்துவது வேறில்லை. கணக்கு தெரிந்தவர்களிடமிருந்தே இது மதிப்பெண்ணைப் பறித்துக்கொள்கிறது.

ஆனால் ஒரு நன்மை உண்டு. தவறான விடை ஒவ்வொன்றும் தான் எங்கிருந்து வந்தது என்பதைத் தன் இலக்கங்களிலேயே வைத்திருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தால் போதும். கீழே உள்ளவை டிஐ-84 பிளஸ், அதன் வண்ணத்திரை வகையான டிஐ-84 பிளஸ் சிஇ, கேசியோ எஃப்எக்ஸ்-சிஜி50 ஆகிய மூன்றையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. சிங்கப்பூரில் தொடக்கக் கல்லூரி மாணவர்களும், பல நாடுகளில் ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலோரியட்) பாடத்திட்டத்தில் படிப்பவர்களும் பெரும்பாலும் இவற்றைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள். வேறு கருவி வைத்திருப்பவர்களுக்கு விசைகளின் இடம் மாறும்; எண்கள் மாறா.

சைன் 30 அழுத்தினால் −0.9880316241 வருகிறது

கருவி ரேடியனில் இருக்கிறது. உங்களுக்கு டிகிரி வேண்டும். கோசைன் 60 என்று கேட்டு −0.9524 வந்தாலும், டேன் 45 என்று கேட்டு 1.6198 வந்தாலும் இதே காரணம்தான். இது கருவி கெட்டுப்போனதன் அடையாளம் அன்று. இந்த வரைபடக் கால்குலேட்டர்கள் ஆலையிலிருந்து வரும்போதே ரேடியனில்தான் வருகின்றன.

டிஐ-84 வகையில் 'மோட்' விசையை அழுத்துங்கள். ரேடியன், டிகிரி என்ற இரண்டு சொற்களும் அருகருகே இருக்கும் வரிக்கு அம்புக்குறி விசையால் இறங்கி, டிகிரி மீது சென்று 'என்டர்' அழுத்துங்கள். பிறகு 'செகண்ட்', 'மோட்' இரண்டையும் அடுத்தடுத்து அழுத்தினால் முதன்மைத் திரைக்குத் திரும்பலாம்.

கேசியோவில் 'ஷிஃப்ட்' அழுத்தி 'மெனு' அழுத்தினால் அமைப்புப் பட்டியல் திறக்கும். அதில் 'ஆங்கிள்' என்ற வரிக்கு இறங்கி, டிகிரிக்கு 'எஃப்1', ரேடியனுக்கு 'எஃப்2' அழுத்தி, 'எக்ஸிட்' மூலம் வெளியே வாருங்கள்.

சோதிப்பதற்கு எப்போதும் சைன் 30 என்றே கேளுங்கள். சைன் 0, கோசைன் 0 ஆகியவை எந்த அலகிலும் ஒரே விடை தருபவை. அவற்றால் ஒன்றும் தெரியாது.

மாற்றினேன், ஆனால் மாறவில்லை

டிஐ கருவிகளில் மிக அதிகமாக நடப்பது இது. சுட்டியை டிகிரி மீது கொண்டுபோய் வைத்துவிட்டு, 'என்டர்' அழுத்தாமலேயே வெளியேறிவிடுகிறார்கள். சுட்டி அங்கே மின்னிக்கொண்டிருப்பதால் தேர்ந்தெடுத்துவிட்டது போல் தோன்றும். உண்மையில் நிறம் நிரம்பி நிற்கும் சொல்லே நடப்பில் உள்ள அலகு. திரும்பவும் 'மோட்' திரைக்குப் போய், சுட்டியை வேறு வரிக்கு நகர்த்திவிட்டுப் பாருங்கள். அப்போதும் டிகிரி நிறம் நிரம்பி நின்றால்தான் மாறியிருக்கிறது.

சிஇ வகையிலும் கேசியோவிலும் திரையின் மேற்பட்டையிலேயே நடப்பு அலகு எழுதப்பட்டிருக்கும். பழைய கருப்பு வெள்ளை டிஐ-84 பிளஸில் அந்த வசதி இல்லை. அதை வைத்திருப்பவர்கள் சைன் 30 சோதனையைக் கைப்பழக்கமாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

அலகை மாற்றுவதால் திரையில் ஏற்கெனவே இருக்கும் விடைகள் மாறா. கணக்கை மறுபடி கேட்டால்தான் புதிய அலகில் விடை வரும்.

சைன் பை/6 என்றால் 0.009138 வருகிறது

இது எதிர்த்திசைப் பிழை. கருவி டிகிரியில் இருக்கிறது. நீங்கள் ரேடியனில் கேட்கிறீர்கள். பை/6 என்பது 0.5236, அதை டிகிரி என்று எடுத்துக்கொண்டால் அரை டிகிரிக்குச் சற்று மேல். அவ்வளவு சிறிய கோணத்தின் சைன் கிட்டத்தட்ட பூஜ்ஜியமாகத்தான் இருக்கும். சைன் பை 0.0548 ஆவதும், கோசைன் பை −1 ஆகாமல் 0.9985 ஆவதும் இதனால்தான்.

எண்களின் முகத்தைப் பார்த்தே இதைக் கண்டுகொள்ளலாம். சைன் எல்லாம் பூஜ்ஜியத்தை ஒட்டியும், கோசைன் எல்லாம் ஒன்றை ஒட்டியும் வந்துகொண்டிருந்தால் ரேடியன் எண்களை டிகிரியாகப் படித்துக்கொண்டிருக்கிறது கருவி. இயற்பியலில் தனிச்சீரிசை இயக்கக் கணக்குகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். வீச்சு 0.05 மீட்டர், கோண அதிர்வெண் நொடிக்கு 4 ரேடியன், நேரம் 0.6 நொடி. இடப்பெயர்ச்சி 0.05 × கோசைன் 2.4, அதாவது −0.0369 மீட்டர். டிகிரியில் இருந்தால் 0.04996 வரும். பொருள் மறுபக்கம் போய்விட்ட நேரத்தில், அது புறப்பட்ட இடத்தைவிட்டு நகரவே இல்லை என்கிறது விடை. எந்த நேரத்தைக் கொடுத்தாலும் விடை வீச்சுக்குச் சமமாகவே வருகிறதென்றால் வாய்பாட்டைத் தேடிப் போகாதீர்கள், அலகைப் பாருங்கள்.

சைன் 30 என்றால் 0.4539904997 வருகிறது

கேசியோவில் மட்டும் இது நேரும். டிகிரி, ரேடியனுக்குப் பக்கத்தில் 'கிரா' என்ற மூன்றாவது அலகு இருக்கிறது. செங்கோணத்தை 90 பாகங்களாக அல்லாமல் 100 பாகங்களாகப் பிரிப்பது. 'எஃப்2' அழுத்தப் போய் விரல் 'எஃப்3' மீது பட்டால் இதில் மாட்டிக்கொள்வீர்கள். டேன் 45 இதில் 0.8541. விடை உண்மைக்குப் பக்கத்திலேயே இருப்பதால் தோராயப் பிழை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். டிஐ-84இல் இந்த அலகே கிடையாது.

விடை நம்பும்படியாக இருக்கிறது, ஆனால் விடைத்தாளோடு ஒத்துப்போகவில்லை

எல்லாவற்றிலும் ஆபத்தானது இதுதான். மேலே சொன்னவற்றில் எண் தன் அவலட்சணத்தாலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். இங்கே அப்படி எதுவும் நடக்காது.

ஒரு பந்தை நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் 35 டிகிரி சாய்வில் எறிகிறோம். கிடைத்தொலைவு, வேகத்தின் வர்க்கத்தை சைன் 70ஆல் பெருக்கி 9.8ஆல் வகுத்தால் வரும்: 38.4 மீட்டர். கருவி ரேடியனில் இருந்தால் 31.6 மீட்டர் வரும். இரண்டையும் பார்த்து எது தவறு என்று யார் சொல்ல முடியும்? குறி சரி, அளவு சரி, மீட்டர் என்பதும் சரி. 31.6 மீட்டர் பறக்கும் பந்தை யாரும் சந்தேகப்படமாட்டார்கள்.

இன்னொன்று. ஒரு முக்கோணத்தின் இரு பக்கங்கள் 7, 9. இடைப்பட்ட கோணம் 50 டிகிரி. கோசைன் விதிப்படி மூன்றாம் பக்கம் 7.00. ரேடியனில் கணக்கிட்டால் 2.90. இந்த 2.90உம் முக்கோணச் சமனிலியை நிறைவு செய்கிறது: 7உம் 2.90உம் சேர்ந்தால் 9ஐவிட அதிகம்தான். அப்படியொரு முக்கோணம் உண்மையிலேயே இருக்கிறது. ஏன் என்று பாருங்கள். 50 ரேடியன் என்பது எட்டு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 15.2 டிகிரி குறைவு. ஆகவே கருவி 15.2 டிகிரி கோணம் கொண்ட முக்கோணத்துக்குச் சரியான விடையைக் கொடுத்திருக்கிறது. நீங்கள் கேட்டது 50 டிகிரிக்கு.

இதற்குத் திரையில் மருந்து இல்லை, தாளில்தான் இருக்கிறது. முக்கோணத்தை ஏறக்குறைய அளவுக்கு வரைந்து பாருங்கள். 9 செ.மீ., 7 செ.மீ. கோடுகளை 50 டிகிரியில் விரித்தால் எதிர்ப்பக்கம் 3 செ.மீ.க்குள் அடங்காது என்பது கண்ணுக்கே தெரியும். பந்துக் கணக்கில் சைன் 70 மட்டும் தனியாக என்னவென்று பாருங்கள். 90க்குப் பக்கத்தில் இருக்கும் கோணத்தின் சைன் ஒன்றை ஒட்டி வர வேண்டும். 0.94 வந்தால் சரி. 0.77 வந்தால் கருவி ரேடியனில் இருக்கிறது. முழு வாய்பாட்டையும் ஒரே மூச்சில் தட்டிவிடுகிறவர்களுக்கு இந்த வாய்ப்பு கிடைப்பதில்லை. அதனால்தான் கோணம் வரும் பகுதியை முதலில் தனியே பார்க்கச் சொல்கிறேன்.

வரைபடம் எக்ஸ் அச்சின் மேலேயே படுத்துக் கிடக்கிறது

சைன் எக்ஸ் வரைபடத்தைக் கேட்கிறீர்கள். அலை இல்லை, ஒரு தட்டையான கோடு. கருவி டிகிரியில் இருக்கிறது, சாளரம், அதாவது திரையில் தெரியும் எண் எல்லை, −10 முதல் 10 வரை. பத்து டிகிரியின் சைன் 0.17. டிஐ-84 பிளஸின் வரைபடப் பரப்பில் 63 வரிசைப் புள்ளிகள். செங்குத்தாக −10 முதல் 10 வரை என்றால் ஒரு வரிசைக்கு 0.32. அதாவது ஓரத்தை எட்டும்போதுகூட உங்கள் அலை ஒரு புள்ளிக்கு மேல் உயரவில்லை. கோடு அச்சோடு ஒட்டிவிட்டது.

ரேடியனுக்கு மாற்றலாம், அல்லது சாளரத்தை மாற்றலாம். எது வேண்டும் என்பது கேள்வியைப் பொறுத்தது. டிஐ-84இல் 'ஜூம்' பட்டியலின் ஏழாவது தேர்வு முக்கோணவியல் சார்புகளுக்கென்றே உள்ளது. அது நடப்பு அலகைப் பார்த்துச் சாளரத்தை அமைக்கும். கருப்பு வெள்ளைத் திரையில், டிகிரியில் இருந்தால் −352.5 முதல் 352.5 வரையும், ரேடியனில் இருந்தால் ஏறத்தாழ −6.15 முதல் 6.15 வரையும் வைக்கும். கேசியோவில் சாளர அமைப்புத் திரையில் 'டிரிக்' என்ற தேர்வு இதே வேலையைச் செய்கிறது. ஆனால் அலகை மாற்றியபின் இதை மறுபடி அழுத்த வேண்டும். அலகு மாறினால் சாளரம் தானாக மாறாது. இந்தப் பகுதியின் பாதிப் பிழைகள் அங்கேதான் பிறக்கின்றன.

வரைபடம் தாறுமாறாக, புதர் போல் இருக்கிறது

மேலே சொன்னதன் மறுபக்கம். சாளரம் −360 முதல் 360 வரை, கருவியோ ரேடியனில். 720 ரேடியன் அகலத்தில் 114க்கும் மேற்பட்ட முழு அலைகள் இருக்கின்றன. டிஐ-84 பிளஸ் திரையின் குறுக்கே 95 நிரல் புள்ளிகள்தாம் உள்ளன. ஓர் அலைக்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை. ஆகவே திரையில் தெரிவது சைன் அலையே அன்று. அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுத்த புள்ளிகளைக் கோடுகளால் இணைத்தது. சில வேளைகளில் அது அழகான, ஒழுங்கான, மெதுவான அலையாகக்கூடத் தோன்றிவிடும். அதை நம்பி அலைநீளத்தை அளந்து எழுதியவர்கள் உண்டு. சைன் எக்ஸ் வரைபடத்தில் அலைநீளம் 6.28 அல்லது 360, இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க முடியும்.

துருவ வரைபடத்தில் பூ வரவில்லை

துருவ வரைபடத்தில் ஒரு புள்ளியின் இடம் தீட்டா என்ற கோணத்தாலும், தொடக்கப்புள்ளியிலிருந்து உள்ள ஆர் என்ற தொலைவாலும் குறிக்கப்படும். ஆர் = 2 சைன் 3தீட்டா என்பது மூன்று இதழ் கொண்ட பூ. அதற்குப் பதிலாகத் தொடக்கப்புள்ளியில் ஒரு சிறு கீற்று மட்டும் தெரிந்தால், கருவி டிகிரிக்கு மாறிவிட்டது. சாளரத்தில் தீட்டாவின் உச்சம் இன்னும் 6.28 என்றே நிற்கிறது. ஆறே கால் டிகிரி வரை வரைந்துவிட்டு வேலை முடிந்தது என்று நின்றுவிட்டது. மாறாக, திரை முழுவதும் நேர்க்கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடினால், கருவி ரேடியனில் இருக்கிறது. சாளரத்தில் உச்சம் 360, படி 7.5 என்று பழைய டிகிரி எண்கள் கிடக்கின்றன. ஒவ்வொரு படிக்கும் ஒரு முழுச் சுற்றுக்கு மேல் தாவி, 48 தாவல்களை நேர்க்கோடுகளால் இணைக்கிறது.

அலகை ரேடியனாக வைத்து, 'விண்டோ' திரையில் தீட்டாவை 0 முதல் 2பை வரை, படியை பை/24 என்று கொடுங்கள். பை விசையை அப்படியே அழுத்தலாம். தசமமாக மாற்றித் தர வேண்டியதில்லை.

வகைக்கெழுவும் தொகையீடும் பொருந்தவில்லை

எக்ஸ் = 0இல் சைன் எக்ஸின் வகைக்கெழு 1. கருவி 0.01745 என்கிறதா? அது பை/180. இந்த எண்ணை மனப்பாடமாகவே வைத்துக்கொள்ளுங்கள். நுண்கணிதத்தில் எங்கு தலைகாட்டினாலும் கருவி டிகிரியில் இருக்கிறது என்று பொருள். அதேபோல் 0 முதல் பை வரை சைன் எக்ஸின் தொகையீடு 2. டிகிரியில் 0.0861 வரும்.

சைனின் வகைக்கெழு கோசைன் என்ற விதியே ரேடியனில் மட்டும் உண்மையானது. டிகிரியில் ஒவ்வொரு முறை வகையிடும்போதும் பை/180 என்ற பெருக்கு எண் கூடவே வந்து நிற்கும். அதனால் வகைநுண்கணிதமோ தொகைநுண்கணிதமோ செய்யும் நாளில் டிகிரிக்கு இடமே கொடுக்காதீர்கள். சைன் எக்ஸ் = எக்ஸ்/2 போல, கோணமும் வெறும் எண்ணும் ஒரே சமன்பாட்டில் கலந்து நின்றாலும் ரேடியன்தான். அதில் தீர்வு 1.8955 என்று வரும். டிகிரியில் வரைந்தால் இரு கோடுகளும் பூஜ்ஜியத்தில் மட்டும் வெட்டிக்கொள்ளும்.

சைன் பின்னடைவுக்குப் பிறகு வளைவு தரவுகளோடு சேரவில்லை

டிஐ-84இல் கடல் ஓத மட்டத்தையோ பகல்நேர நீளத்தையோ கொடுத்துச் சைன் வளைவைப் பொருத்தச் சொல்கிறீர்கள். குணகங்கள் வருகின்றன. அந்தச் சமன்பாட்டை வரைந்தால் புள்ளிகள் ஏறி இறங்க, கோடு மட்டும் கிட்டத்தட்ட நேராகப் போகிறது. பொருத்தம் தவறு என்று நினைத்து மறுபடி மறுபடி செய்து பார்ப்பார்கள். ஒவ்வொரு முறையும் அதே குணகங்கள்.

குணகங்கள் சரியானவை. அந்தக் கட்டளை நீங்கள் எந்த அலகில் இருந்தாலும் விடையை ரேடியனில்தான் தரும். வரைபடமோ நடப்பு அலகைப் பார்க்கிறது. ரேடியனுக்கு மாறி மீண்டும் வரையுங்கள். வளைவு புள்ளிகளின் ஊடே வந்து அமர்ந்துவிடும்.

அலகு சரியாக இருக்கிறது, ஆனாலும் விடை தவறு

நடுவழியில் அலகை மாற்றினீர்களா? டேன் நேர்மாறு 3/4 என்பதை ரேடியனில் கேட்டால் 0.6435. அதன்பின் டிகிரிக்கு மாறி, முந்தைய விடையின் கோசைனைக் கேட்டால் 0.8 வராது, 0.9999 வரும். நினைவில் கிடப்பது வெறும் எண். அது எந்த அலகில் பிறந்தது என்பதைக் கருவி குறித்துவைப்பதில்லை. எழுத்துகளில் சேமித்துவைத்த கோணங்களுக்கும் இதே கதைதான். அலகை மாற்றினால் கோணங்களை மறுபடி கணக்கிட்டுச் சேமியுங்கள்.

ஒரே ஒரு கணக்குக்காக அலகை மாற்ற வேண்டியதும் இல்லை. ரேடியனில் இருந்தபடியே 30க்குப் பின்னால் பாகைக்குறி போட்டுச் சைன் 30° என்று கேட்டால் 0.5 வரும். டிஐ-84இல் 'செகண்ட்', 'ஆப்ஸ்' அழுத்தினால் கோணப் பட்டியலில் முதல் தேர்வாக அந்தக் குறி இருக்கிறது. ரேடியன் குறியும் அங்கேயே உண்டு. கேசியோவில் 'ஆப்ஷன்' விசையின் பட்டியலில் 'ஆங்கிள்' பகுதியில் இரண்டும் உள்ளன. நான் ரேடியனிலேயே நிலையாக இருந்து, தேவைப்படும்போது பாகைக்குறி போடும் வழக்கத்தையே மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறேன். எந்த அலகு என்பது கணக்கின் வரியிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. மோட் திரையை நினைவில் சுமக்க வேண்டாம்.

இதில் இரண்டு கண்ணிகள் இருக்கின்றன. டிகிரியில் இருந்துகொண்டு பை/6க்குப் பின்னால் ரேடியன் குறி போட்டால் அது 6ஐ மட்டுமே பற்றும்; முழுவதையும் அடைப்புக்குறிக்குள் வைத்துவிட்டுப் பிறகு குறியைப் போட வேண்டும். அடுத்தது, நேர்மாறுச் சார்புகளின் விடை எப்போதும் நடப்பு அலகிலேயே வரும். ரேடியனில் சைன் நேர்மாறு 0.5க்குப் பின்னால் பாகைக்குறி போட்டால் 30 வராது, 0.009138 என்ற அந்தப் பழைய எண்தான் வரும். நேர்மாறுக்கு டிகிரி வேண்டுமென்றால் அலகை மாற்றியே ஆக வேண்டும்.

விடை 0.7854 என்று வருகிறது, பை/4 என்று வேண்டும்

பிழை ஏதுமில்லை. பையால் வகுத்து, டிஐ-84இல் 'மேத்' பட்டியலின் முதல் தேர்வால் பின்னமாக மாற்றுங்கள். 1/4 என்று காட்டும். கலப்பெண்களின் வீச்சுக்கோணத்துக்கும் இதுவே வழி. அங்கே 45 என்று வந்தால் கருவி டிகிரியில் இருக்கிறது.

அலகு தானாகவே மாறிவிடுகிறது

கருவியை அணைத்தால் அலகு மாறாது. மாறியிருந்தால் யாரோ, அல்லது ஏதோ மாற்றியிருக்கிறது. முதல் சந்தேகம் நினைவகத்தை அழித்தல்: டிஐ-84இல் அழித்தபின் அலகு ரேடியனுக்குத் திரும்பிவிடும். தேர்வுக்கு முன் அழிக்கச் சொல்லும் இடங்களில், முந்தைய நாள் நீங்கள் பார்த்துப் பார்த்து அமைத்ததெல்லாம் போய்விடும். டிஐ-84ஐத் தேர்வு நிலையில் தொடங்கும்போது வரும் திரையிலேயே கோண அலகைக் கேட்கும் ஒரு வரி இருக்கிறது. அவசரத்தில் அதைப் படிக்காமலே கடந்துவிடுகிறார்கள். முதல் கேள்வியைத் தொடுவதற்கு முன் சைன் 30 கேட்டுப் பாருங்கள். மூன்று நொடி போதும்.

இரண்டாவது சந்தேகம் நண்பர்களிடமிருந்து ஏற்றிக்கொண்ட நிரல்கள். டிகிரி என்ற கட்டளை ஒரு நிரலுக்குள் இருந்தால், அது ஓடி முடிந்தபின்னும் கருவி டிகிரியிலேயே நிற்கும். டிஐ-84இல் நிரலைத் திருத்தும் திரையில் திறந்து, கடைசி வரிக்குப் போய், 'மோட்' விசையை அழுத்தி ரேடியனைத் தேர்ந்தெடுங்கள். அங்கே அது அலகை மாற்றாமல், அந்தச் சொல்லை ஒரு கட்டளையாக வரியில் சேர்க்கும். இனி அந்த நிரல் ஒவ்வொரு முறையும் கருவியை ரேடியனில் விட்டுவிட்டே முடியும்.